பெயர் சூட்டிய அவையே பலகைக்கும் பணம் தரட்டும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். போரில் மாண்ட வீரரின் பெயரை ஒரு நெடுஞ்சாலைக்குச் சூட்டும்போது அதற்கான செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டுமா, நன்கொடையாளர்கள் ஏற்க வேண்டுமா என்பதே இன்றைய வழக்கு. அமெரிக்க மாநிலங்களின் நடைமுறையை முன்வைத்தே இரு அணியினரும் வாதிடுகிறோம். பொதுப்பணமே ஏற்க வேண்டும் என்பது எங்கள் அணியின் நிலை.

எதிரணித் தலைவர் நீண்டதொரு செலவுப் பட்டியலைப் படித்தார். பலகை, வாகனம் மோதினால் முறிந்து விழும்படி அமைக்க வேண்டிய கம்பங்கள், அவற்றை நடும்போது சாலையின் ஒரு தடத்தை மூடிக் காவல் நிற்கும் பணியாளர்கள், வெயிலில் மங்கிப்போகும் எழுத்துகளைப் புதுப்பிக்கும் செலவு என அவர் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், பெயர் மாறினால் முகவரிகளும் ஊராரின் பலகைகளும் மாற வேண்டியிருக்கும் என்று அந்தப் பட்டியலின் கடைசியில் அவர் சேர்த்துக்கொண்டதை ஏற்க முடியாது. புளோரிடாவின் சட்டத்தைப் பாருங்கள். இத்தகைய பெயர்சூட்டல் நினைவுக்கும் மரியாதைக்கும் உரியது, தனியே வேறு விதி சொல்லப்படாதவரை உள்ளாட்சிகளோ தனியாரோ தெருப் பலகைகளையும் அஞ்சல் முகவரிகளையும் மாற்றத் தேவையில்லை என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆகவே நாம் பேசும் செலவு, பெரும்பாலும் போகும் திசைக்கு ஒன்றும் வரும் திசைக்கு ஒன்றுமாக இரண்டு பலகைகளின் செலவுதான்.

அந்த இரண்டு பலகைகளுக்கான பணம் யாரிடமிருந்து வருகிறது? கலிபோர்னியாவில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் கூட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகின்றன. வீரரின் பிறப்பு, கல்வி, படைப்பணி, வீழ்ந்த களம் ஆகிய அனைத்தும் அதில் பத்தி பத்தியாக இடம்பெறுகின்றன. எல்லாம் முடிந்த பின், மாநிலம் சாராத நன்கொடைகள், அதாவது மாநில அரசின் பணம் அல்லாத நன்கொடைகள், செலவுக்குப் போதுமான அளவில் வந்து சேர்ந்த பிறகே போக்குவரத்துத் துறை பலகை நிறுவும் என்ற வாசகம் வருகிறது. டெக்சாஸ் சட்டமும், தனியார் கொடை வந்தாலொழியப் பலகை நிறுவத் துறைக்குக் கடமை இல்லை என்கிறது. புகழ்மொழி அரசுடையது, உண்டியல் மட்டும் அடுத்தவர் கையில்! அந்த உண்டியலை ஏந்தப்போவது யார் என்று எதிரணி ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். பெரும்பாலும் அது பெற்றோராகவோ, உடன் பணியாற்றிய தோழர்களாகவோதான் இருக்கும். செல்வர்கள் நிறைந்த ஊரில் பலகை விரைவில் எழும். வறிய ஊரில் பிறந்த வீரரின் பெயர் தீர்மானத் தாளிலேயே தங்கிவிடும். உயிரைக் கேட்டபோது ஊரின் செல்வநிலையை அரசு விசாரித்ததா?

இந்த இடத்தில் நம் நடுகற்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. வீழ்ந்தவன் பெயரையும் பெருமையையும் பொறித்து வழியோரம் கல் நட்ட மரபு நம்முடையது. அதோடு நில்லாமல், நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்ற பெயர்களில் அவன் குடும்பத்துக்கு நிலம் வழங்கியதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கொடை அன்று எந்தத் திசையில் பாய்ந்தது என்பதை நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும்.

தனியார் முயற்சிக்குச் சான்றாக எதிரணியினர் நியூஜெர்சியைக் காட்டினர். 1944-இல் அங்குள்ள தோட்டக்கலை மன்றங்கள் 22-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஐந்தரை மைல் நீளத்துக்கு ஏறத்தாழ 8,000 டாக்வுட் என்னும் பூமரங்களை நட்டன; நீல விண்மீன் நினைவு நெடுஞ்சாலைத் திட்டம் அதிலிருந்தே வளர்ந்தது. அழகான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது படையில் பணியாற்றிய அனைவருக்குமான நினைவு. ஒரு தனி வீரரின் பெயரை முன்வைத்து, அவர் வீட்டாரின் துயரத்தின் மேல் நிதி திரட்டிய செயல் அன்று.

பொதுப்பணம் என்றால் வரம்பில்லாமல் பலகைகள் பெருகும் என்ற அச்சம்தான் எதிரணியின் வலுவான வாதம். எனக்கோ நேர்மாறாகத் தோன்றுகிறது. கைக்காசு செலவாகாதவரை ஓர் அவை எத்தனை பெயர்களையும் சூட்டும். தன் நெடுஞ்சாலை நிதியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால், எந்தச் சாலை, எந்த இடம், ஏற்கெனவே அங்கே பெயர் உண்டா என்று கேட்டுத்தான் வாக்களிக்கும். அளவுக்கான விதியும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. சாலைக் குறியீடுகளுக்கான கூட்டாட்சிக் கையேட்டின்படி, நினைவுப் பலகைகளுக்கு ஓய்விடங்களும் வண்டி நிறுத்த வசதியுள்ள பிற இடங்களுமே முதல் தேர்வு. நெடுஞ்சாலை ஓரத்திலேயே வைக்க நேர்ந்தால் திசைக்கு ஒன்றுதான். வழிகாட்டிப் பலகைகளில் அப்பெயர் இடம்பெறக் கூடாது. ஓட்டுநரின் கவனம் சிதறும் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கவலைப்பட்டதற்கும் இதுவே விடை.

நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்பது ஒரே ஒரு திருத்தம். பணியில் உயிர்நீத்த படைவீரருக்கான தீர்மானங்களில் ‘மாநிலம் சாராத நன்கொடை’ என்ற அந்த ஒரு வாசகத்தை அடித்துவிட்டு, அவ்விடத்தில் ‘மாநில நெடுஞ்சாலை நிதியிலிருந்து’ என்று எழுதுங்கள்.