இடது கைக்கு என்ன வேலை?

வணக்கம் நேயர்களே. விண்வெளி கேம்ஸ் ஆடறதுக்கு எந்த ஜாய்ஸ்டிக், எந்த திராட்டில், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கற லீவர், வாங்கலாம்னு பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்ல, வேலையிடத்துல, கோப்பி கடையில, கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கும்போது கூட "அண்ணே, எந்த ஹோட்டாஸ் நல்லது"ன்னு யாராவது ஒரு பையன் வந்து கேப்பான், ஹோட்டாஸ்னா ஜாய்ஸ்டிக்கும் திராட்டிலும் சேந்த செட்டு. நான் திருப்பி ஒண்ணுதான் கேப்பேன். தம்பி, உன் இடது கை என்ன பண்ணப் போகுது?

வலது கையில குழப்பமே இல்ல, அங்க ஸ்டிக்தான். இடது கையிலதான் எல்லாரும் யோசிக்காம ஒரு திராட்டிலைக் கொண்டுவந்து வச்சிடறாங்க, ஏன்னா கடையில செட்டாதான் விக்குது, ஹோட்டாஸ்னு பெட்டி மேல படம் போட்டு. அந்த அமைப்பு போர் விமானத்துல இருந்து வந்தது, பைலட் ரெண்டு கையையும் எடுக்காமலே சுட, ரேடார் மாத்த, ரேடியோ பேச எல்லாத்துக்கும் பட்டன் அங்கேயே இருக்கும். விமானத்துக்கு அது சரி. காத்து பின்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால எஞ்சின் விடாம தள்ளிக்கிட்டே இருக்கணும், லீவரை ஒரு இடத்துல வச்சா அது அங்கேயே நிக்கணும். விண்வெளியில இழுக்கறதுக்குக் காத்து கிடையாது. ஒரு தடவை தள்ளி விட்டா போய்க்கிட்டே இருக்கும், நிறுத்தணும்னா எதிர்ப்பக்கம் தள்ளணும், பக்கவாட்டுல நகரணும்னாலும் தனியா தள்ளணும்.

இதை எண்ணிப் பாத்தா மொத்தம் ஆறு அசைவு. கலத்தோட மூக்கு மேல கீழ, மூக்கு இடம் வலம், உடம்பு உருள்றது, இது மூணும் திரும்பற சமாசாரம். அப்புறம் முன்ன பின்ன, இடம் வலம், மேல கீழன்னு மூணு நகர்ற சமாசாரம். முறுக்கக்கூடிய ஒரு ஸ்டிக் வலது கையில இருந்தா முதல் மூணும் முடிஞ்சது. மிச்சம் மூணு இடது கைக்கு. திராட்டில் அதுல ஒண்ணே ஒண்ணைத்தான் ஒழுங்கா செய்யும், முன்ன பின்ன மட்டும், மத்த ரெண்டும் கட்டைவிரல் பட்டனுக்கோ குட்டி மினி ஸ்டிக்குக்கோ போயிடும். இடது கையிலயும் ஒரு ஸ்டிக் வச்சா மூணும் ஒரே கையில வந்துடும், விட்டா தானா நடுவுக்கு வந்துடும், அதாவது கையை எடுத்தா தள்றது நின்னுடும். இதைத்தான் ஹோசாஸ்னு சொல்றாங்க, நம்ம பசங்க டூயல் ஸ்டிக்குன்னே சொல்லிடுவாங்க.

இது கேம் ஆடறவங்க கண்டுபிடிச்சது இல்ல. நிஜ விண்கலத்துலயே அப்படித்தான் இருந்திச்சு. அப்போலோ கலத்துல வலது கைக்கு ஒரு பிடி, அது கலத்தைத் திருப்பறதுக்கு, இடது கைக்கு இன்னொண்ணு, அது நகர்த்தறதுக்கு. ஸ்பேஸ் ஷட்டில்லயும் அதே முறை, ரஷ்யாக்காரங்களோட சோயுஸ்லயும் இடது கை நகர்த்த, வலது கை திருப்ப. எனக்கு ரொம்பப் பிடிச்சது 1969ல நிலாவுல இறங்கின அந்த லூனார் மாட்யூல்தான், அதுல இடது கைப் பிடியில ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், ஒரு பக்கம் வச்சா அந்தப் பிடி இறங்கற எஞ்சினுக்கு திராட்டில், மறுபக்கம் வச்சா குட்டி ஜெட்டுகளால கலத்தை நகர்த்தற பிடி. நாம இன்னிக்கு ஹோட்டாஸா ஹோசாஸான்னு சண்டை போடறோம், அவங்க ரெண்டையும் ஒரே கைப்பிடியில போட்டு நிலாவுக்கே போயிட்டு வந்துட்டாங்க.

அப்ப திராட்டில் வேஸ்டான்னா, இல்ல. எந்த கேம்ங்கறதப் பொறுத்து இருக்கு. 2014 டிசம்பர்ல வந்த எலீட் டேஞ்சரஸ் எடுத்துக்குங்க, அதுல ஃபிளைட் அசிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா நீங்க வச்ச வேகத்தைக் கலம் தானா காப்பாத்தும், விமானம் மாதிரிதான் ஓட்டணும். வேகப் பட்டையில நடுவுல ஒரு நீலப் பகுதி வரும், அங்க இருக்கும்போதுதான் கலம் வேகமா திரும்பும், சண்டையில அந்த நீலத்துக்குள்ளயே நிக்கப் பழகணும். அப்புறம் சூப்பர்குரூஸ்ல, அதாவது தூரமான இடத்துக்கு அதிவேகமா போற முறையில, ஒரு ஸ்டேஷனை நோக்கிப் போறீங்கன்னா, போய்ச் சேர ஏழு வினாடின்னு காட்டறப்போ வேகத்தை முக்கால்வாசிக்கு இறக்கிட்டா தாண்டிப் போகாம அழகா போய்ச் சேரலாம். கையில லீவர் இருந்தா அந்த முக்கால்வாசியைப் பாக்காமலே பிடிக்கலாம். மணிக்கணக்கா சரக்கு ஏத்தி இறக்கி வியாபாரம் பண்றவங்களுக்கு திராட்டில் சொகுசு, இடது கையை அது மேல போட்டுட்டு வலது கையில தேநீர் குடிக்கலாம். அதே எலீட்ல ஃபிளைட் அசிஸ்ட்டை ஆஃப் பண்ணி சண்டை போடற ஆளுங்க நிறைய பேர் ரெண்டு ஸ்டிக்தான் வச்சிருக்காங்க. 2012லேயே மக்கள்கிட்ட பணம் திரட்ட ஆரம்பிச்ச ஸ்டார் சிட்டிசன், அதுலயும் சண்டைன்னு வந்தா ரெண்டு ஸ்டிக் பக்கம்தான் என் ஓட்டு.

இன்னொண்ணு, விண்வெளி கேம் மட்டும் இல்ல, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்ல சிங்கப்பூர் சாங்கியில இருந்து கிளம்பி பினாங்கு வரைக்கும் போகணும், அதுவும் வேணும்னு சொல்றவங்க திராட்டிலே வாங்கிடுங்க, யோசிக்காதீங்க.

சரி, இன்னும் எதுவுமே இல்லாத ஆளு என்ன பண்றது? என் அபிப்பிராயம், மொதல்ல ஒரே ஒரு நல்ல ஸ்டிக் வாங்குங்க, முறுக்கக்கூடியதா பாத்து, இடது கை கீபோர்டுலயே இருக்கட்டும். கொஞ்ச மாசம் ஆடினா உங்களுக்கே தெரியும் இடது கை எதுக்கு ஏங்குதுன்னு, எப்பப் பாத்தாலும் பக்கவாட்டுல நகர்ற கீயைத் தட்டிக்கிட்டே இருந்தா ரெண்டாவது ஸ்டிக், வேகத்தை ஒரு அளவுல நிறுத்தி வைக்கத்தான் பாடுபடறீங்கன்னா திராட்டில். செட்டா வாங்கினா மலிவுங்கறது உண்மைதான், ஆனா மலிவான செட்டுல பெரும்பாலும் ஸ்டிக்கும் சுமார், திராட்டிலும் சுமார்.

ஸ்டிக்குல பட்டன் எத்தனைன்னு பாக்காதீங்க, உள்ள என்ன சென்சார்னு பாருங்க. பழைய முறை பொட்டென்ஷியோமீட்டர், ஒரு கரிப்பட்டை மேல ஒரு முள்ளு உரசிக்கிட்டே போகும், உரசி உரசித் தேஞ்சதும் நீங்க கை வைக்காமலே கலம் தானா ஒரு பக்கம் சாயும், குறி வைக்கும்போது துடிக்கும். புது முறை ஹால் எஃபெக்ட், ஒரு காந்தம், அது நகர்றதைத் தொடாமலே ஒரு சிப் படிக்கும், உரசல் இல்லாததால தேய்மானம் கிடையாது. திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் பட்ஜெட்ல இந்த ஹால் சென்சார் தர்ற ஒண்ணு, பிடியோட பாகங்களை ஸ்குரூ டிரைவரால மாத்தி இடது கைக்கும் வலது கைக்கும் வச்சுக்கலாம், அதனாலயே ரெண்டா வாங்கி டூயல் ஸ்டிக் போடறவங்க இதுல ஆரம்பிப்பாங்க, இடது கைப் பழக்கம் உள்ளவங்களுக்கும் இது ஒரு வரம். ஒண்ணு கவனிங்க, சில ஸ்டிக்குல சாய்க்கறதுக்கு மட்டும் காந்த சென்சார் போட்டுட்டு முறுக்கறதுக்குப் பழைய கரிப்பட்டையே வச்சிருப்பாங்க, அதனால பெட்டியில ஹால்னு ஒரு வார்த்தை இருந்தா போதும்னு நினைக்காதீங்க. கொஞ்சம் மேல போகலாம்னா விகேபி கிளாடியேட்டர், இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனியாவே கிடைக்கும், ஸ்பிரிங்கை மாத்தி இறுக்கமா தளர்வா வச்சுக்கலாம், இடது கை ஸ்டிக்கை முன்பக்கமா சாய்ச்சு திராட்டில் மாதிரி பிடிக்க ஆம்னி திராட்டில்னு ஒரு அடாப்டரும் உண்டு. அதுக்கும் மேல விர்ப்பில்னு ஒரு கம்பெனி, அதெல்லாம் காசு இருக்கறவங்க சமாசாரம். ஏ-10 போர் விமானத்தோட பிடியை அப்படியே வார்த்த வார்ட்ஹாக் உலோகத்துல கனமா, பாக்கவே கம்பீரமா இருக்கும், ஆனா அந்த ஸ்டிக் முறுக்காது, அப்ப உருள்றதுக்கோ திரும்பறதுக்கோ கால் பெடல் வேணும், அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

கன்சோல்ல ஆடறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிசிக்குன்னு வாங்கற ஸ்டிக் பிளேஸ்டேஷன்லயோ எக்ஸ்பாக்ஸ்லயோ சும்மா செருகினா வேலை செய்யாது, பிளேஸ்டேஷனுக்கு டி.ஃபிளைட் ஹோட்டாஸ் 4, எக்ஸ்பாக்ஸுக்கு ஹோட்டாஸ் ஒன், ரெண்டும் வேற வேற, மாத்தி வாங்கிடாதீங்க.

இப்ப நம்ம சிங்கப்பூர்க் கதைக்கு வருவோம். வீவக அடுக்குமாடி வீட்டுல படுக்கையறை மேசைதான் எல்லாத்துக்கும், புள்ளைங்க ஹோம்வொர்க், மனைவியோட லேப்டாப், அதுக்கு நடுவுல ரெண்டு ஸ்டிக்கை எங்க வைக்கறது. லேசான ஸ்டிக்கை வேகமா இழுத்தா அடிப்பாகமே தூக்கிக்கிட்டு வரும், மேசை மேலயே வச்சா தோள்பட்டை உயர்ந்து ஒரு மணி நேரத்துல வலி எடுக்கும். முழங்கை செங்கோணமா மடங்கி, நாற்காலிக் கைப்பிடி உயரத்துல ஸ்டிக் இருந்தா நல்லது, அதுக்கு மேசை விளிம்புல இறுக்கற கிளாம்ப் மவுண்ட் கிடைக்கும். ஆனா மொதல்ல மேசையைத் தட்டிப் பாருங்க, மலிவான மேசைகள் பலதுல மேல ஒரு மெல்லிய பலகை, உள்ள தேன்கூடு மாதிரி அட்டைதான் இருக்கும், கிளாம்பை இறுக்கினா அமுங்கி உடைஞ்சிடும், மேலயும் கீழயும் ஒரு பிளைவுட் துண்டு வச்சு இறுக்குங்க. கால் பெடல் வாங்கறவங்க வீட்டுத் தரை டைல்ஸா பாருங்க, பெடலை மிதிச்சா பெடல் முன்னாடி போகும், சக்கரம் வச்ச நாற்காலி பின்னாடி போகும், நீங்க கலத்தைத் திருப்பறதுக்குள்ள அலமாரியில போய் முட்டிக்குவீங்க லா.

அப்புறம் நம்ம ஈரப்பதம். பிடியில மெத்துன்னு ரப்பர் பூச்சு பூசின ஸ்டிக் கடையில தொட்டா சுகமா இருக்கும், சில வருஷத்துல அந்தப் பூச்சு பிசுபிசுன்னு கையில ஒட்ட ஆரம்பிக்கும், ஏர்கான் இல்லாத ரூம்னா இன்னும் சீக்கிரம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் தேச்சா வந்துடும், கீழ வெறும் பிளாஸ்டிக் இருக்கும், அது ஒண்ணும் மோசமில்ல. நான் சொல்றது, ரெண்டுல ஒண்ணுன்னா சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கையே எடுங்க.

எங்க வாங்கறது? சிம் லிம் ஸ்கொயர்ல சுத்திப் பாக்கலாம், ஷாப்பி, லசாடா இருக்கு, ஆனா இந்த விஷயத்துல நான் கரோசல் ஆளு, பழைய சாமான் வாங்கி விக்கற ஆப் அது. ஆசைப்பட்டு வாங்கி, கொஞ்ச நாள் ஆடிட்டு, வேலை மாறி, குழந்தை பிறந்து, விக்கறவங்க நிறைய, பொருளும் பெட்டியோட புதுசு மாதிரியே இருக்கும். எம்ஆர்டி ஸ்டேஷன்ல சந்திக்கலாம்னு சொல்வாங்க, சொன்னா ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போங்க, வெக்கப்படாதீங்க. செருகிட்டு விண்டோஸ்ல ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சிபிஎல்னு (joy.cpl) அடிச்சு, வர்ற பட்டியல்ல ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்டீஸை அழுத்தினா ஒரு சின்ன சதுரம், அதுக்குள்ள ஒரு சிலுவைக் குறி வரும். ஸ்டிக்கை மெதுவா, ரொம்ப மெதுவா ஒரு வட்டம் சுத்துங்க, சிலுவை சீரா சுத்தணும், எங்கயாவது திக்கினா, ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவினா சென்சார் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் மெதுவா விடுங்க, நாலு பக்கத்துல இருந்தும் விட்டு விட்டுப் பாருங்க, நடுவுக்கே திரும்பி வருதான்னு. அடுத்து திரையில முறுக்கறதைக் காட்டற பட்டை, மொதல்ல சாகறது பெரும்பாலும் அந்த முறுக்கற சென்சார்தான், கை வைக்காம விட்டாலும் அந்தப் பட்டை துடிச்சுக்கிட்டே இருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க இல்லன்னா கும்பிட்டுட்டு வந்துடுங்க. கடைசியா ஒவ்வொரு பட்டனா அழுத்தி விளக்கு எரியுதான்னு பாருங்க, டிரிக்கரை வேகமா தட்டுங்க, ஒரு தட்டுக்கு ரெண்டு தடவை மின்னினா அதுவும் தேஞ்சுபோனதுதான்.

வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைக்கறவங்க ஒண்ணு பாத்துக்குங்க, 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல போனா இங்க வந்து இறங்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டணும், அதுவும் பொருள் விலைக்கு மட்டும் இல்ல, அனுப்பற செலவையும் சேத்துத்தான் கணக்கு, இந்த மாதிரி கனமான சாமானுக்கு அனுப்பற செலவே ஒரு பெரிய தொகை. 400க்குக் கீழ இருந்தாலும் 2023ல இருந்து பதிவு பண்ண வெளிநாட்டு விற்பனையாளருங்க வாங்கும்போதே ஜிஎஸ்டி போட்டுடுவாங்க, அதனால ரெண்டு ஸ்டிக்கையும் தனித்தனிப் பார்சலா வரவழைச்சா தப்பிச்சிடலாம்னு கணக்குப் போடாதீங்க.

வாங்கி வந்ததும் நேரா சண்டைக்குப் போகாதீங்க. பயிற்சி மைதானத்துல ஒரு நிலையான பொருளைப் பாத்து நிறுத்திட்டு, முகத்தை அது பக்கம் வச்சபடியே அதைச் சுத்தி வட்டம் போடப் பாருங்க, வலது கை திருப்பிக்கிட்டே இருக்க இடது கை பக்கவாட்டுல நகர்த்தணும், ரெண்டும் ஒத்து வரலைன்னா பொருள் திரையில இருந்து ஓடிடும். ஓடினா மொதல்ல டெட்ஸோனைப் பாருங்க, அதாவது ஸ்டிக் கொஞ்சம் அசைஞ்சாலும் கேம் கண்டுக்காத நடு இடம், நல்ல சென்சாருக்கு அது ரொம்பக் கம்மியா இருந்தா போதும், அதிகம் வச்சா நடுவுல செத்த இடம் வந்து குறி தாண்டித் தாண்டிப் போகும். அப்புறம் கர்வ், அதாவது ஸ்டிக் அசையற அளவுக்குக் கலம் எவ்வளவு அசையணும்ங்கற கோடு, நடுவுல மென்மையா ஓரத்துல வேகமா இருக்கற மாதிரி கொஞ்சமா வளைச்சு விடுங்க, கொஞ்சமா. பட்டன் எல்லாத்தையும் ஒரே ராத்திரியில செட் பண்ணணும்னு உக்காராதீங்க, சுடறது, குறி தேர்ந்தெடுக்கறது, இறங்கற கால், இது மூணு போதும் முதல் வாரத்துக்கு. மத்ததுக்குக் கீபோர்டு பக்கத்துலதான் இருக்கு. பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கட்டில் அடியில வச்சிடுங்க, நாளைக்கு நீங்களும் கரோசல்ல விக்கணும்னா பெட்டி இருந்தா நல்ல விலை போகும். நன்றி, வணக்கம்.