மாமி கேட்ட கேள்வி

(எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறேன், கொஞ்சம் கூட்டியும் இருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய ஆலயப் பிரதம குரு அவர்களே, சொன்ன நேரத்துக்கே வந்து எங்களை வெட்கப்படுத்திய பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, இந்த ஒலிபெருக்கியை அன்பளிப்புச் செய்துவிட்டு இப்போது அதன் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கிற கனடா அன்பர் அவர்களே, என்னிடம் படித்து இன்று என்னைவிட நரைத்துப்போன மாணவர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம். போன வருடம் மாதர் சங்கத் தலைவியை விட்டுவிட்டேன். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே தனியாக ஒரு வணக்கம், அக்கா.

எனக்குத் தந்த தலைப்பு 'சின்னத்திரையும் சமூகமும்'. மூன்று விடயம் சொல்லப்போகிறேன். ஒன்று, நாடகத்தில் வருகிற ஆட்களை நாங்கள் ஏன் சொந்தக்காரரைப்போலத் திட்டுகிறோம். இரண்டு, எங்கள் பேச்சில் எங்கள் தொடர் நாடகம் ஏன் இவ்வளவு குறைவு. மூன்று, மாமியார் பாத்திரம்.

நான் நாடகம் பார்க்கிறவள். ஒளிக்கவில்லை. தமிழ் படிப்பித்த ரீச்சர் இதையெல்லாம் பார்க்கலாமோ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: வீட்டுக்கு வீடு வாசற்படி.

1990இல் சண்டையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போன பிறகு சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். 2002இல், தெற்கோடு எங்களை இணைக்கிற ஏ9 பாதை திறந்தது. லொறி லொறியாகச் சாமான் வந்தது, டிவியும் வந்தது. அதே வருடம்தான் சன் டிவியில் மெட்டி ஒலி என்ற தொடர் நாடகம் தொடங்கியது. சிதம்பரம் என்று ஒரு தகப்பன், அவருக்கு ஐந்து பெண்பிள்ளைகள். ஐந்து குமர்! யாழ்ப்பாணத்தாருக்கு அதற்குமேல் கதை வேணுமோ? அதில் ஒருத்தி சரோ. சரோவின் புருஷன் மாணிக்கம், தாய் சொல் தட்டாதவன். அவனுடைய தாய் ராஜம். இவர்களுக்கு எங்கள் ஒழுங்கையில் விழுந்த திட்டை எழுதினால் ஒரு கொப்பி காணாது.

அந்த நாளில் என்ர சின்னமாமியின் மகளைப் பெண் பார்க்க உரும்பிராய்ப் பக்கமிருந்து ஒரு பகுதி வந்தது. குறிப்பு நல்ல பொருத்தம். தரகர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருக்கிறார். மாமி வாய்ப்பனும் வடையும் சுட்டு, அயல்வீட்டில் நல்ல கோப்பை இரவல் வாங்கி, தேத்தண்ணி கொடுத்தனுப்பினா. பெடியன் கோப்பையை எடுத்தார். குடிக்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தார். தாய் கண்ணைக் காட்டின பிறகுதான் ஒரு மிடறு. வடையை எடுக்க முன்னமும் அப்படித்தான். குசினி வாசலில் நின்ற மாமி என்ர காதுக்குள்ள சொன்னா: "பிள்ளை, இது மாணிக்கம்."

நான் பிடிக்க முன்னம் விறாந்தைக்குப் போயிட்டா.

"தம்பி, மெட்டி ஒலி பாக்கிறனீரோ?"

மாமா செருமினார். தரகர் நிலத்தைப் பார்த்தார். பெடியன், "அம்மா பாக்கிறவ. நானும் பக்கத்தில இருக்கிறனான்" என்றார்.

"அப்ப சொல்லும், மாணிக்கம் சரோவுக்குச் செய்யிறது சரியோ?"

பெடியன் திரும்பவும் தாயின் முகத்தைப் பார்த்தார்! எனக்கு வியர்த்துப்போச்சு. ஆனால் வாயைத் திறந்தது தாய்தான். "அவனை விடுங்கோ. அந்த ராஜத்தையெல்லோ கிணத்துக்குள்ள தள்ளோணும்!"

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம். இரண்டு மனிசியும் ராஜத்தையும் சரோவையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். பெட்டை வேலைக்குப் போகலாமோ, தனிக்குடித்தனம் உண்டோ, நகை யாருடைய அலுமாரியில் இருக்கும். நேரே கேட்டிருந்தால் சம்பந்தம் அன்றே முறிந்திருக்கும். தரகர் கதிரையிலேயே நித்திரை. கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை இன்றைக்கும் தேத்தண்ணி குடிக்க முன்னம் ஒருக்கா நிமிர்ந்து பார்க்கிறவர். இப்போது பெண்சாதியின் முகத்தை.

வீட்டுக்கு வீடு வாசற்படி என்று சும்மாவோ சொன்னார்கள்? தன் வீட்டுப் படியைப்பற்றி ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். சரோவின் வீட்டுப் படி என்றால் விடிய விடியக் கதைப்பாள். நாங்கள் பத்துப் பேர் ஒரே விறாந்தையில் பாய் போட்டுப் பார்த்த காலம். ஒருநாள் ஒரு இளம்பிள்ளை சரோவுக்காக விக்கி விக்கி அழுதாள். சரோவுக்காக மட்டும் இல்லை என்று இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் என்ர மாமி தன்ர பாயை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டா.

இப்போது பாய் போட ஆள் எங்கே? எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8இல் இறந்தார். அதுவரைக்கும் அந்த மனிசனை என்ர தங்கச்சி திட்டாத நாளில்லை. அன்று வட்ஸ்அப்பில் அழைக்கிறாள், "அக்கா, குணசேகரன் போட்டார்." அழுகிறாள். அவள் கொழும்பில் தனிய, நான் இங்கே தனிய. என்னைப்போல எத்தனை பேர்? பிள்ளைகள் வெளியில். இரவில் டிவியைப் பார்த்து ஏசினால், வாசலில் கிடக்கிற நாய்தான் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

பிரதேச செயலாளர் அம்மா, இனி உங்களுக்குத்தான் சொல்கிறேன். இந்த நிலையத்தில் ஒரு நல்ல டிவி இருக்கிறது. பெடியள் கிரிக்கெட் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை பெண்களுக்கு விடச்சொல்லிக் கேட்கிறோம். அதைவிடப் பெரிய வில்லங்கம் நிலைய வாசலில் இருக்கிற அந்த மூன்று படி. ஒவ்வொன்றும் ஒரு அடிக்குமேல் உயரம், பிடிக்கக் கம்பி இல்லை. எழுபது வயது மனிசி எப்படி ஏறுவாள்? ஒரு சாய்தளமும் கைப்பிடியும் கேட்டு மூன்று கடிதம் கொடுத்தோம். எங்கே கொடுத்தோம் என்று சபையில் சொல்லமாட்டேன். கடிதம் மேலே போயிருக்கிறதாம். கடிதத்துக்காவது மேலே போக முடிகிறது! வீட்டுக்கு வீடு வாசற்படி இருக்கட்டும், எங்கள் முழங்காலுக்கு ஏறக்கூடிய மாதிரி இருக்கட்டும். கனடா அன்பர் தலையாட்டுகிறார். சபை பார்த்துக்கொண்டிருக்கிறது, தம்பி. மேசன் பின்வரிசையில்தான் இருக்கிறார், நாளைக்கே அளந்து போடுவார்.

தலைவர் மணி அடித்துவிட்டார். இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்த வருடம். நன்றி, வணக்கம்.

தம்பிமார், இந்த மேடைப்படியில இறங்க ஒருக்கா ஆராவது கை தாருங்கோ.