நீருக்கடியில் படம் எடுக்க எந்த காம்பேக்ட் கேமரா?

[திரையில்: ஆழ அளவுகோல். 15 மீ., 18 மீ., 30 மீ. கோடுகள்]

வணக்கம். ‘வாட்டர்ப்ரூஃப் 15 மீட்டர்’ என்று போட்ட கேமராவைப் பார்த்ததும், கடலுக்குள் கொண்டுபோக இது போதும் என்று தோன்றும். நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்கெலிங் மட்டும் செய்பவருக்குப் போதும்தான். ஆனால் ஓப்பன் வாட்டர் பயிற்சி முடித்த டைவர் 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்த நிலைப் பயிற்சிக்குப் பிறகு 30 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஆக, புதிதாக டைவிங் கற்றவர் போகும் ஆழத்தைக்கூட அந்த 15 மீட்டர் எட்டாது.

அதனால் டைவிங் செய்பவர்கள் கேமராவின் விலையை விசாரிக்கும்போதே, அதற்கு ஹவுசிங், அதாவது கேமராவை உள்ளே வைத்து மூடும் நீர்புகாப் பெட்டி, கிடைக்குமா, எத்தனை மீட்டர் தாங்கும், என்ன விலை என்று சேர்த்துக் கேளுங்கள். ஹவுசிங் கிடைக்காத மாடல் எவ்வளவு நல்லதானாலும் விட்டுவிடுங்கள்.

[திரையில்: ஒரே சிவப்பு மீன், மேல்மட்டத்திலும் 15 மீட்டரிலும்]

சரி, தண்ணீர் படத்தை என்ன செய்கிறது? சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. ஐந்தாறு மீட்டர் இறங்கினாலே சிவப்பு மங்கிவிடும். அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். பலர் கவனிக்காத விஷயம், கேமராவுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரும் இதே வேலையைச் செய்கிறது. மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த மூன்று மீட்டரிலும் நிறம் போகும், மிதக்கும் துகள்களும் குறுக்கே வரும். ஜூம் செய்வதால் நடுவிலுள்ள தண்ணீர் குறைந்துவிடாது. கிட்டே போவது ஒன்றுதான் வழி. எனவே எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதை விட, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று கேட்பது முக்கியம்.

ஓஎம் சிஸ்டம் டிஜி-7 நல்ல பெயர் வாங்கியது இதனால்தான். 2023-ல் வந்தது. அதற்கு முந்தைய டிஜி-6, ஒலிம்பஸ் பெயரில் 2019-ல் வந்தது. இரண்டிலும் 12 மெகாபிக்சல்தான். ஆனால் மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில்கூட ஃபோகஸ் ஆகும். ஓடில்லாத கடல் நத்தைகளான நூடிபிராங்குகளில் சில ஓர் அரிசி அளவுதான் இருக்கும். அதன் முதுகில் உள்ள செவுள் இழைகளைத் தனித்தனியாகக் காட்டக்கூடிய கேமரா இது. அந்தச் சின்ன உயிர்களைத் தேடி எடுப்பதில் எனக்குள்ள ஆசையால் நான் இதன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிஜி-7 தனியாக 15 மீட்டர் தாங்கும், பிடி-059 ஹவுசிங்கோடு 45 மீட்டர். ஹவுசிங்கில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் கேமராவே நீர் புகாதது என்பது பெரிய ஆறுதல். குறையும் உண்டு. முழு மேனுவல் மோட் கிடையாது, ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடியாது. ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சார் சிறியது, வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

[திரையில்: இரண்டு சென்சார்களும் பக்கத்தில் பக்கத்தில்]

ஆமை, திருக்கை, விரிந்த பவளப்பாறை என்று பெரிய காட்சிகள்தான் வேண்டும் என்றால், 1 அங்குல சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 போன்றவற்றைப் பாருங்கள். சென்சாரின் பரப்பு டிஜி-7-ஐப் போல சுமார் நான்கு மடங்கு. கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் நிறத்தை மீட்டெடுக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆனால் இவை தாமாக நீர் தாங்காதவை. ஹவுசிங் கசிந்தால் கேமரா போய்விடும். இன்னொன்று, ஹவுசிங்கின் தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒளிவிலகலால் காட்சி குறுகும். 24 மி.மீ. லென்ஸ் நீருக்குள் சுமார் 32 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். அதைச் சரிசெய்ய, ஹவுசிங்கின் முன்னால் மாட்டும் வைட் வெட் லென்ஸ் தேவைப்படும். சின்ன உயிர்களை எடுக்க மேக்ரோ வெட் லென்ஸ் தனி. இவற்றை நீருக்கடியிலேயே கழற்றி மாட்டலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு செலவு.

வெளிச்சத்துக்கு வருவோம். கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால், மிதக்கும் துகள்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழும். நீளமான கையில் பொருத்திய ஸ்ட்ரோப், அதாவது தனி ஃபிளாஷ் விளக்கு, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் தந்தால் இது வெகுவாகக் குறையும். ஸ்ட்ரோப்பைப் பெரும்பாலும் ஃபைபர் கேபிள் வழியாகக் கேமராவின் ஃபிளாஷ்தான் இயக்குகிறது. அதனால் ஃபிளாஷே இல்லாத சோனி இசட்வி-1 போன்றவற்றை வாங்கினால் ஸ்ட்ரோப்பை இயக்கத் தனி டிரிகர் கருவி தேட வேண்டியிருக்கும். இது வாங்கிய பிறகு தெரிந்தால் வருத்தமாக இருக்கும். ஸ்ட்ரோப் வாங்கும் வரை, இறங்கிய ஆழத்திலேயே ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை வையுங்கள்.

[திரையில்: ஹவுசிங்கின் ஓ-ரிங், மிக அருகில்]

ஹவுசிங் கைக்கு வந்ததும், அதன் மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் உள்ளே வர வழி கிடைத்துவிடும். துடைத்து, ஹவுசிங் தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை மெல்லிய பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். முதல் டைவில் கேமராவை வைக்காமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளையும், மிதந்துவிடாமல் இருக்க ஓர் எடையையும் வைத்து இறக்குங்கள். மேலே வந்து பார்க்கும்போது தாள் காய்ந்திருந்தால், அடுத்த டைவுக்குக் கேமராவை உள்ளே வைக்கலாம்.