கிட் பைசெக்ட்: 'குட்' எது, 'பேட்' எது?

வணக்கம் மக்களே. பினாங்கு பாயான் லெப்பாசில் மழை கொட்டுகிறது, மைக்கில் அந்த இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு பில் சாப்ட்வேரில். நம் மலேசியாவில் ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத்தை 5 சென்னுக்கு ரவுண்ட் செய்ய வேண்டும் அல்லவா? பழைய வெர்ஷனில் அது தப்பு, புதியதில் சரி. யாரோ சரிசெய்திருக்கிறார்கள். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். சரிசெய்த அந்த கமிட்டை மட்டும் பழைய கிளைக்கு, அதாவது பழைய வெர்ஷனின் கோடுக்கு, எடுத்து வரவேண்டும். நடுவில் 700 கமிட். கிட்டின் பைசெக்ட் கட்டளை நடுவிலுள்ள கமிட்டைக் காட்டி 'குட்'டா, 'பேட்'டா என்று நம்மிடம் கேட்டு, பாதிப் பாதியாக வெட்டுவதால் பத்துத் தடவைக்குள் ஆள் சிக்கிவிடுவான்.

பழையதை 'பேட்' என்றேன், புதியதை 'குட்' என்றேன். நியாயம்தானே? 'குட், பேட் இரண்டையும் மாற்றிவிட்டாயா?' என்று கேட்டு பைசெக்ட் நின்றுவிட்டது. அதன் கணக்கில் குட் என்றால் முந்தையது, பேட் என்றால் பிந்தையது, அவ்வளவுதான். சரியென்று மனத்துக்குள் தலைகீழாக்கிக்கொண்டு போனேன். ஐந்தாவது தடவை கை பழக்கத்தில் 'பேட்' அடித்துவிட்டது. கடைசியில் அது காட்டிய குற்றவாளி, ரீட்மீ கோப்பில் எழுத்துப்பிழை திருத்திய கமிட்!

முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. இதுவரை சொன்ன பதில்களைக் காட்டும் 'பைசெக்ட் லாக்' வெளியீட்டை ஒரு கோப்பில் போட்டு, தப்பான வரியைத் திருத்தி, 'பைசெக்ட் ரீப்ளே' கொடுத்தால் போதும்.

ஆனால் இந்தத் தலைவலிக்கு மருந்து 2016இல் வந்த கிட் 2.7 வெர்ஷனிலேயே இருக்கிறது. குட், பேட் இடத்தில் 'ஓல்ட்', 'நியூ' என்று சொல்லலாம். இல்லையென்றால் 'பைசெக்ட் ஸ்டார்ட்' கட்டளையோடு '--டெர்ம்-ஓல்ட்=புரோக்கன் --டெர்ம்-நியூ=ஃபிக்ஸ்ட்' என்று நாமே பெயர் வைக்கலாம். அப்புறம் கண்ணால் பார்த்ததை அப்படியே அடிக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு கமிட்டையும் ஒரு ஸ்கிரிப்டே சோதித்துப் பதில் சொல்லும்படி 'பைசெக்ட் ரன்' போடுகிறவர்கள் கவனிக்க: ஸ்கிரிப்ட் முடியும்போது 0 தந்தால் பழையது, 1 முதல் 127 வரை புதியது, 125 மட்டும் ஸ்கிப், அதாவது அந்த கமிட்டைச் சோதிக்க முடியவில்லை என்று தாண்டிவிடும். ஆக, சரிசெய்த கமிட்டைத் தேடும்போது பிழை தெரிந்தால்தான் 0 தரவேண்டும். ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு (கோட் இருக்கும் கிட் ஃபோல்டருக்கு) வெளியே வையுங்கள். பழைய கமிட்டுக்குப் போனதும் அது காணாமல் போனால், கட்டளையை ஓட்டும் ஷெல் 127 தரும், அதையும் பைசெக்ட் 'புதியது' என்ற பதிலாக எடுத்துக்கொள்ளும். கிட் 2.36இலிருந்துதான் இதைக் கொஞ்சம் உஷாராகச் சோதிக்கிறது.

முடிந்ததும், தொடங்கிய இடத்துக்கே திரும்ப 'பைசெக்ட் ரீசெட்'. நான் அதை மறந்துவிட்டு, பாதி வழியில் நின்ற பழைய கமிட்டிலேயே வேலையைத் தொடர்ந்து, ஐயோ 5 சென் மறுபடியும் இடிக்கிறதே என்று பதறியது தனிக் கதை.