மழையில் ஓடிய 298 சுற்றுகள்: மசனோரி செக்கியாவின் பந்தய வாழ்க்கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1995ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பிரான்சின் லெ மான் நகரில், 59ஆம் எண் தாங்கிய கருஞ்சாம்பல் நிற மெக்லாரன் கார் ஒன்று 298 சுற்றுகளை முடித்து வெற்றிக்கோட்டைக் கடந்தது. அதன் மூன்று ஓட்டுநர்களில் ஒருவர் மசனோரி செக்கியா. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. லெ மான் 24 மணி நேரப் பந்தயம் 1923இல் தொடங்கியது. அதில் ஒட்டுமொத்த வெற்றி பெற்ற முதல் ஜப்பானியர் அவரே. அந்த ஒரு நாளை வைத்தே அவரைப் பற்றிப் பேசிவிட்டு விலகிவிடுவது எளிது. ஆனால் அந்த நாளுக்கு முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் எத்தகைய ஓட்டுநர் என்பது விளங்கும்.

நெடுநேரப் பந்தயத்தின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடத்தில், பாதிக்கு மேல் வழக்கமான பொதுச் சாலைகளாக இருக்கும் வழியில், இரவும் பகலும் ஓடும் ஒரே காரை மூவர் முறைவைத்து ஓட்டுகிறார்கள். எவரும் மொத்தம் பதினான்கு மணி நேரத்திற்கு மேல் ஓட்டக் கூடாது. மின்னல் வேகத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு, கியர்ப்பெட்டியைப் பாழாக்கி அடுத்தவர் கையில் கொடுப்பவரால் குழுவுக்குப் பயனில்லை. வாங்கிய நிலையிலேயே காரைத் திருப்பிக் கொடுப்பவரைத்தான் குழுத்தலைவர்கள் ஆண்டுதோறும் மறுபடி அழைக்கிறார்கள். செக்கியா அவ்வாறு அழைக்கப்பட்டவர்.

ஷிசுவோக்கா மாநிலத்தில் 1949இல் பிறந்த அவர், டொயோட்டாவின் பந்தயக் கரமாக விளங்கிய டாம்ஸ் குழுவின் வழியாக 1985இல் முதன்முறை லெ மான் வந்தார். சதோரு நகாஜிமா, கவோரு ஹோஷினோ ஆகியோருடன் ஓட்டிய அந்தக் கார் பன்னிரண்டாம் இடத்தில் முடிந்தது. 1987இல் பந்தயத்திற்காக வந்த இடத்திலேயே, அதே லெ மான் நகரில், அவர் திருமணம் செய்துகொண்டார். திருமணம் இனிதே நடந்தது. ஆனால் அந்த ஆண்டு களமிறங்கிய டொயோட்டா கார்கள் இரண்டுமே முடிவுக்கோட்டைக் காணவில்லை. பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் பலருண்டு; முகூர்த்தத்தையே பந்தய நாட்காட்டியைப் பார்த்துக் குறித்தவர் சிலரே. 1990இல் ஜெஃப் லீஸ், ஹிதோஷி ஒகாவா ஆகியோருடன் ஆறாம் இடம் கிடைத்தது.

1992 கடினமான ஆண்டு. ஒகாவா மே மாதம் சுசுகா தடத்தில் நடந்த விபத்தில் உயிரிழந்தார். ஒரு மாதம்கூட நிறையாத நிலையில் டொயோட்டா குழு லெ மான் வந்தது. மூன்றரை லிட்டர், பத்து உருளை எஞ்சின் கொண்ட டிஎஸ்010 காரை பியர்-ஹென்றி ரஃபனெல், கென்னி அச்சிசன் ஆகியோருடன் பகிர்ந்து ஓட்டிய செக்கியா இரண்டாம் இடம் பெற்றார். வென்ற பூஜோ என்னும் பிரெஞ்சுக் கார் 352 சுற்றுகள், டொயோட்டா 346 சுற்றுகள். அந்தப் பூஜோவின் மூன்று ஓட்டுநர்களில் ஒருவர் யானிக் டல்மாஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனெனில் 1995இல் செக்கியாவுடன் அதே மெக்லாரனில் அமர்ந்தவர்களில் ஒருவர் இந்த டல்மாஸ்தான். மற்றவர் பின்லாந்தின் ஜே.ஜே. லேட்டோ. சாலையில் ஓட்டுவதற்காகக் கார்டன் மர்ரி என்னும் பொறியாளர் வடிவமைத்த மெக்லாரன் எஃப்1 காரின் பந்தய வடிவம் அது. ஆறு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட பிஎம்டபிள்யூ வி12 எஞ்சின் பொருத்தியது. பந்தயத்திற்கென்றே பிறந்த முன்மாதிரிக் கார்களோடு அது 24 மணி நேரம் ஈடுகொடுக்கும் என்று பலரும் எண்ணவில்லை. அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது மழை. பந்தயத்தின் பெரும்பகுதி மழையிலேயே கழிந்தது. 1992இல் 352 சுற்றுகள் ஓடிய வெற்றிக் கார் எங்கே, 1995இல் 298 சுற்றுகளோடு வென்ற கார் எங்கே என்று ஒப்பிட்டாலே தடத்தின் நிலை புரியும். இரவில், நனைந்த சாலையில், மற்றவர்களைவிட நம்பமுடியாத வேகத்தில் ஓட்டிக் காரை முன்னுக்குக் கொண்டுவந்தவர் லேட்டோ. இதை மறைத்து ஜப்பானியப் பெருமை பேசுவது நேர்மையாகாது. ஆனால் இரவில் ஈட்டிய முன்னிலை பகலில் தொலைந்துவிடலாம். நெடுநேரம் முன்னணியில் இருந்த இன்னொரு மெக்லாரன் கடைசி மணிகளில் கியர் மாற்ற முடியாமல் திணறி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. புகழ்பெற்ற அமெரிக்க ஓட்டுநர் மரியோ ஆந்த்ரெட்டி இடம்பெற்ற கூராஜ் கார் ஒரே ஒரு சுற்று பின்னால் இரண்டாவதாக வந்தது. ஒரு சுழற்சி, சுவரில் ஒரு உரசல் போதும், அந்த ஒரு சுற்று கரைந்திருக்கும். செக்கியா தம் முறைகளில் காரைக் குலையாமல் திருப்பிக் கொடுத்தார். அவருடைய பங்கு அதுவே, அது சிறிய பங்கன்று.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 1991இல் மாஸ்டா வென்றபோது கார் ஜப்பானியது, ஓட்டிய மூவரும் ஐரோப்பியர். 1995இல் ஓட்டுநர் ஜப்பானியர், காரோ ஆங்கிலேயரது, எஞ்சின் ஜெர்மானியரது. டொயோட்டா ஓட்டுநர் என்றே அறியப்பட்ட செக்கியா மெக்லாரனில் வென்ற அதே பந்தயத்தில், டொயோட்டாவின் சொந்த சுப்ரா பதினான்காவதாக முடித்தது. 2004இல் இன்னொரு ஜப்பானியரான செய்ஜி அரா வென்றார். அதுவும் ஜெர்மானிய ஆடி காரில். 2016இல் சதோரு நகாஜிமாவின் மகன் கசுக்கி ஓட்டிய டொயோட்டா, முடிவுக்குச் சில நிமிடங்களே இருக்கையில் முன்னணியிலேயே விசையிழந்தது. ஜப்பானியக் காரில் ஜப்பானிய ஓட்டுநர் வெல்ல 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று வென்றவரும் அதே கசுக்கிதான்.

டூரிங் கார் பந்தயம் வேறோர் உலகம். குடும்பத்தோடு கடைவீதிக்குப் போகும் நான்கு கதவுக் காரை, இரண்டு லிட்டர் எஞ்சினோடு, கதவோடு கதவு உரச ஓட்டும் குறும்பந்தயம் அது. நிசானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார் ஆதிக்கம் செலுத்திய, குரூப் ஏ என்னும் பழைய விதிகளின் காலம் 1993இல் முடிந்து, அடுத்த ஆண்டு புதிய விதிகளோடு தொடங்கிய ஜப்பான் டூரிங் கார் தொடரின் முதல் பட்டத்தை டொயோட்டா கரோனாவில் செக்கியா வென்றார். 1998இல், அத்தொடரின் கடைசி ஆண்டில், டொயோட்டா சேசரில் மறுபடியும் அவரே வென்றார். முதலும் முடிவும் அவருடையவை.

ஓட்டுவதை நிறுத்திய பின் டாம்ஸ் குழுவின் இயக்குநராக, ஜப்பானின் சூப்பர் ஜிடி கார் பந்தயத் தொடரில் பணியாற்றினார். (நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2019இல் அத்தொடரில் நகாஜிமா குழுவுக்காக ஓட்டினார் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை, 1985இல் செக்கியாவோடு கார் பகிர்ந்த அதே சதோரு நகாஜிமாவின் குழு அது.) 2017இல் ஃபூஜி தடத்தில் பெண்கள் மட்டும் பங்கேற்கும் கியோஜோ கோப்பையைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 2013இல், இன்டர் புரோட்டோ தொடரைத் தொடங்கியிருந்தார். அதில் எல்லாக் கார்களும் ஒரே வகை. ஒரே காரைப் பொழுதுபோக்காக ஓட்டுபவர் ஒரு பந்தயத்திலும், தொழில்முறை ஓட்டுநர் இன்னொரு பந்தயத்திலும் ஓட்டுகிறார்கள். முன்னவர் காரை எந்த நிலையில் நிறுத்திவைத்தாரோ, அந்தக் காரைத்தான் பின்னவர் எடுத்துப் போக வேண்டும்.