பாக்கெட்டின் பின்பக்கம்

வணக்கம். வானொலி நிலையத்துக்கு வரும் வழியில் ஒரு பெட்டிக் கடையில் ஐந்து ரூபாய் க்ரீம் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கினேன். முன்பக்கத்தில் பால் ஊற்றுகிற படம். நாம் படிக்க வேண்டியது பின்பக்கம். மைதா, சர்க்கரை, பாமாயில், அப்புறம் இன்வர்ட் சிரப் என்ற சர்க்கரைப் பாகு, எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கிற எமல்சிஃபையர் 322, 471, செயற்கை நறுமணம் என்று போகிறது. எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி, ஆக மாவுக்கு அடுத்தபடியாக இதில் அதிகம் இருப்பது சர்க்கரை. சரி, அந்த 471 உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதா? இருக்காது. வீட்டு அடுக்களையில் இல்லாத இந்த மாதிரிப் பொருள்களைப் போட்டுத் தொழிற்சாலையில் செய்கிற பண்டத்தைத்தான் அதீதமாகப் பதப்படுத்திய உணவு என்கிறோம்.

பதப்படுத்துவதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வற்றல், கருவாடு, ஊறுகாய், வீட்டில் உறை ஊற்றிய தயிர் எல்லாமே பதப்படுத்தியவைதான். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை, உப்பை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

2009-இல் இந்த அதீதமாகப் பதப்படுத்திய உணவு என்ற பிரிவுக்குத் தனியாகப் பெயரிட்டவர் பிரேசிலின் சாவ் பாலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ. அவர் ஊரில் மக்கள் கடையில் வாங்குகிற சர்க்கரையும் எண்ணெயும் குறைந்துகொண்டே வந்தன, உடல் பருமனோ ஏறிக்கொண்டே போனது. இது எப்படி என்று தேடிப் போனால், அந்தச் சர்க்கரை எங்கேயும் போய்விடவில்லை, பாக்கெட்டுக்குள் உட்கார்ந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "மேடம், நான் காபிக்குக்கூட சர்க்கரை போடறதில்லை." அது உண்மைதான். காபியோடு என்ன சாப்பிடுவீங்க என்று கேட்ட பிறகுதான் பிஸ்கட் பேச்சே வரும்.

அப்படியானால் சர்க்கரை, கொழுப்பு, உப்பு இவை மட்டும்தான் காரணமா? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார், 2019-இல் முடிவு வெளிவந்தது. 20 பேரை அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறிய தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள், வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். தொழிற்சாலை உணவு கொடுத்த வாரங்களில் சராசரியாக ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். அது ஏழெட்டு இட்லிக்குச் சமம்! இரண்டே வாரத்தில் எடை சராசரியாக 900 கிராம் ஏறியது, மற்ற இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது. ருசி என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மதிப்பெண் கொடுத்தார்கள். ஆனால் தொழிற்சாலை உணவை வேகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். மெல்லவே வேண்டாம், வாயில் போட்டதும் கரைகிறது, போதும் என்று வயிறு சொல்வதற்குள் பாக்கெட் காலி. இந்த பிஸ்கட்டையும் வேர்க்கடலை உருண்டையையும் ஒன்று மாற்றி ஒன்று கடித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வுப்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். எல்லாவற்றுக்கும் பாக்கெட்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதை அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாக இருப்பதை நாட்டுக்கு நாடு ஆய்வுகள் காட்டிவிட்டன.

"வேலைக்குப் போய்ட்டு வந்து நாலு மணிக்கு நான் என்னத்தைச் செய்றது?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். காலையிலேயே குக்கரில் கொண்டைக்கடலையை வேக வைத்துவிட்டுப் போங்கள், இல்லை என்றால் இரண்டு வாழைப்பழம், அதுவும் இல்லையா, பொட்டுக்கடலையும் வெல்லமும் என்றேன். ஆனால் பாரம் முழுக்க அம்மாக்கள் தலையில் ஏன்? சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அளவு மீறினால் பாக்கெட்டின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை குத்த வேண்டும், படிக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட அது தெரியும். நம் பாக்கெட்டுகளிலும் அது வர வேண்டும். இப்போது உங்களுக்குப் படித்துக் காட்டினேனே, இந்த எழுத்து கடுகளவுகூட இல்லை, கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.