ஏலம் எடுத்தவர் பணம் கட்டலையா? முதல் நாள்ல இருந்து செய்ய வேண்டியது

[திரையில்: மேசை மேல ஒரு கண்ணாடித்தாள் உறை. உள்ளே நாலு பழைய தபால்தலை. பக்கத்துல வாட்ஸ்அப் குரூப் திறந்திருக்கிற போன்.]

இந்த உறைக்குள்ள இருக்கிறது பிரெஞ்சிந்தியத் தபால்தலை. 1923ல பழைய விலைக்கு மேல பணம், காசு கணக்குல புது விலை அச்சடிச்சு விட்ட வகை. அப்போ 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபா.

ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். புதுச்சேரியில ஒருத்தர் இதை குரூப் ஏலத்துல 500 ரூபாய்க்கு ஆரம்பிக்கிறார். ராத்திரி 9 மணிக்கு 2,350 ரூபாய்க்கு ஒருத்தர் எடுக்கிறார். காலையில மெசேஜ் போடுறோம். ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. சாயங்காலம் டிபியும் காணோம்.

கடலூர் துறைமுகத்துல மீன் ஏலம் விடும்போது கேக்குறவர் எதிர்லயே நிக்கிறார். இன்னிக்கு ஏமாத்திட்டா நாளைக்கு அதே இடத்துல வந்து கேக்க முடியாது. ஆன்லைன்ல அந்தக் கூச்சம் கிடையாது. அதனால முகத்துக்குப் பதிலா எழுத்துதான் நமக்குப் பிடிமானம்.

[திரையில்: "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்"]

முதல் கேள்வி, அவர் நிஜமாவே வாங்கிட்டாரா? 1930ம் வருச சரக்கு விற்பனைச் சட்டத்துல 64ம் பிரிவு ஏலத்துக்கானது. சுத்தியல் தட்டியோ, வழக்கத்துல இருக்கிற வேற விதத்துலயோ ஏலம் முடிஞ்சதுன்னு அறிவிச்சாத்தான் விற்பனை முழுசாகும். அதுவரைக்கும் கேட்டவர் தான் கேட்ட விலையை வாபஸ் வாங்கிக்கலாம், அதுல தப்பே இல்ல. நம்ம ஊர் பாஷையில "மூணு தரம்" சொல்லணும்.

வாட்ஸ்அப்ல இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. 9 மணிக்கு ஏலம் முடியுது, அட்மின் தூங்கப் போயிடுறார், காலையில வந்து வாழ்த்து சொல்றார். நடுராத்திரியில அந்த ஆள் தன் பிட்டை, அதாவது விலை கேட்ட மெசேஜை, அழிச்சிருந்தா? அனுப்பின 15 நிமிசத்துக்குள்ள மெசேஜைத் திருத்தலாம், ரெண்டு நாளுக்கு மேலயும் எல்லாருக்கும் அழிக்கலாம். அதனால மணி அடிச்ச உடனே நீங்களே தட்டச்சு பண்ணுங்க (லாட்னா ஏலத்துக்கு வெச்ச ஒரு பொருள்): "லாட் 14, 2,350 ரூபாய், இன்னார், ஏலம் முடிந்தது." வெறும் தம்ப்ஸ்அப் போதாது. எண்ணும் பேரும் உங்க மெசேஜ்ல இருக்கணும். கையோட ஒரு ஸ்க்ரீன்ஷாட்.

[திரையில்: போன். ஒரு மெசேஜ் எழுத்தெழுத்தா விழுது.]

அடுத்து பணம் கேக்குற மெசேஜ். "எப்ப சார் அனுப்புவீங்க?"ன்னு கேட்டா "பாக்கலாம்"தான் பதிலா வரும். இப்படி எழுதுங்க: "லாட் 14. 2,350 + தபால் செலவு 70 = 2,420. வியாழன் இரவு 9 மணிக்குள் அனுப்பவும். ஏதாவது சிரமம்னா இன்னிக்கே சொல்லிடுங்க." அந்தக் கடைசி வரி முக்கியம். மனசு மாறினவர் பெரும்பாலும் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ஒளியிறார். சொல்லிட்டாருன்னா உங்களுக்கு மூணு நாள் மிச்சம்.

பின்வாங்குறவங்க எல்லாரும் ஏமாத்துக்காரங்க கிடையாது. தபால் செலவை ஏலத்துக்கு அப்புறம் சொன்னது நம்ம தப்பு. தபால்தலையோட பின்பக்கப் படம் போடாம இருந்து, கேட்டப்புறம் அனுப்பி, அதுல பசை போயிருக்கிறது தெரிஞ்சா அதுவும் நம்ம தப்பு. நாலு லாட் எடுத்தவர் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தபால் கணக்கு வரும்னு காத்துக்கிட்டு இருக்கலாம். "கடலூர்லேருந்து நேர்ல வந்து வாங்கிக்கிறேன்"னு சொல்றவர்கிட்ட மட்டும் கொஞ்சம் உஷார். நாளும் நேரமும் சொல்லாத "நேர்ல வரேன்", பாதி வாபஸ் மாதிரிதான். பாதி முன்பணம், ஞாயிறு 11 மணி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட்னு முடிச்சுடுங்க.

[திரையில்: ஈபே ஆர்டர் பக்கம்]

ஈபேல விதியே வேற. இந்தியத் தளத்தை 2018 ஆகஸ்ட்ல மூடிட்டாங்க. இங்கேருந்து விக்கிறவங்க இப்ப வெளிநாட்டுக்காரங்களுக்குத்தான் விக்கிறாங்க. ஒரு இடைச்செருகல்: நூறு வருசம் தாண்டின நாணயம் மாதிரிப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. அதனால இந்த 1923 உறை இந்தியாவுக்குள்ளயே இருக்கட்டும். ஈபேல விக்கிறது பிற்காலத்துல வந்த வேற தபால்தலைன்னு வெச்சுப் பேசுவோம்.

எடுத்தவருக்கு நாலு நாள் டைம். அஞ்சாம் நாள்லேருந்து நீங்க ஆர்டரை கேன்சல் பண்ணலாம். அங்க காரணம் கேக்கும். இந்த ஒரு கிளிக்லதான் பல பேர் சறுக்குறாங்க. கோவத்துலயோ சோம்பல்லயோ "ஸ்டாக் இல்ல"ன்னு தட்டினா தப்பு உங்க கணக்குல ஏறும், உங்க ரேட்டிங் அடி வாங்கும். "வாங்குபவர் பணம் கட்டலை"ங்கிறதைத் தட்டணும். அப்பத்தான் விற்பனைக் கமிஷன் உங்களுக்கு வரவாகும், அவர் பேர்லயும் ஒரு புள்ளி விழும். அவரே மெசேஜ்ல "வேண்டாம், கேன்சல் பண்ணுங்க"ன்னு கேட்டிருந்தா, "வாங்குபவர் கேட்டார்"ங்கிற காரணம்தான் நேர்மை. அதுலயும் கமிஷன் திரும்பிடும், உங்களுக்குக் கறை இல்ல. விற்பவர் நெகட்டிவ் ஃபீட்பேக் போடுற வசதியை ஈபே 2008லயே எடுத்துட்டாங்க. அதனால திட்டி எழுத இடம் தேடாதீங்க.

[திரையில்: மூணு பேரோட பிட். 1,000 / 2,300 / 2,350]

இப்ப சிக்கலான இடம். ரெண்டாவது ஆளுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். என்ன விலைக்கு?

பிட் வரிசையைப் பாருங்க. நெல்லிக்குப்பத்துக்காரர் 1,000த்தோட நின்னுட்டார். அதுக்கு மேல கடலூர்க்காரரும் காணாமப் போனவரும் மட்டும் அம்பது அம்பதா ஏத்தினாங்க. கடலூர்க்காரர் கடைசியா கேட்டது 2,300. காணாமப் போனவர் அந்த ஏலத்துக்கே வரலைன்னா, கடலூர்க்காரர் 1,050க்கு எடுத்திருப்பார். நடுவுல இருக்கிற 1,250 ரூபா, வராத ஆள் ஏத்தின விலை.

"சார், அவர் கட்டலை, உங்க 2,300க்கே எடுத்துக்கோங்க"ன்னு நீங்க சொன்னா, அவர் மனசுல வர்ற முதல் சந்தேகம், நீங்களே ஆள் வெச்சு ஏத்தினீங்கன்னுதான். அதே 64ம் பிரிவுல, விற்பவர் போலியா விலை கேக்க வெச்சு ஏத்தினா வாங்கினவர் அந்த விற்பனையை ரத்து பண்ணலாம்னு இருக்கு. நீங்க செய்யலைன்னாலும் நிரூபிக்கிற தலைவலி உங்களுக்கு. ஈபேல ரெண்டாவது ஆளுக்கு அனுப்புற "செகண்ட் சான்ஸ் ஆஃபர்" அவர் கேட்ட உச்ச விலைக்கே போகும், மாத்த முடியாது. குரூப்ல மாத்தலாம். எங்க யோசனை: பின்வாங்கினவரோட பிட் எல்லாத்தையும் நீக்கிட்டு, மிச்சத்துல வர்ற விலையைச் சொல்லுங்க, இங்க அது 1,050. அவ்வளவு இறங்க மனசு வரலையா, லாட்டை மறுபடி ஏலத்துக்கு விடுங்க, "முன்னால எடுத்தவர் கட்டலை"ன்னு ஒரு வரி போட்டு.

மறுபடி விக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பொருள் உங்க கையில இருக்கு, பணம் வரலை, அப்ப 54ம் பிரிவுப்படி நீங்க மறுவிற்பனை பண்ணலாம். ஆனா "இத்தனை தேதிக்குள்ள கட்டலைன்னா வேற ஆளுக்கு வித்துடுவேன்"னு முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்கணும். கொடுத்து, நியாயமான அவகாசம் விட்டு, குறைஞ்ச விலைக்குப் போனா அந்த நட்டத்தை அவர்கிட்ட கேக்க உரிமை உண்டு. அறிவிப்பே இல்லாம வித்தா நட்டம் கேக்க முடியாது, லாபம் வந்தாலும் அது அவருக்குச் சேரும். மீன், செடி மாதிரி கெட்டுப்போற பொருளுக்கு இந்த அறிவிப்பு தேவையில்ல. 2,350 ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப் போறதில்ல. ஆனாலும் அந்த ஒரு மெசேஜைப் போட்டுடுங்க. மூணு வாரம் கழிச்சு "என் தபால்தலை எங்க?"ன்னு அதே ஆள் வந்து நின்னா காட்ட அது வேணும்.

[திரையில்: பச்சை டிக் போட்ட ஒரு பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட்]

நாலாம் நாள் திடீர்னு இப்படி ஒரு படம் வரும். உடனே உறையை ஒட்டாதீங்க. உங்க பேங்க் ஆப்பைத் திறந்து வரவு இருக்கான்னு பாருங்க. படத்தை யாரும் தயாரிக்கலாம். "கியூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்"னா அது திருட்டு. யூபிஐல பணம் வாங்குறதுக்கு பின் போடவே வேண்டாம். போட்டுத் தொலைச்சாச்சுன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்க.

அடுத்த ஏலத்துக்கு முன்னாடி, ஈபேல வாங்குபவர் நிபந்தனை அமைப்புக்குப் போய், பணம் கட்டாத பதிவு ரெண்டு இருக்கிறவங்க கேக்க முடியாதபடி தடுத்துடுங்க. குரூப்லன்னா, காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல விலை கேட்டுட்டு நடந்து போற மாதிரி இங்க போக முடியாதுன்னு முதல்லயே தெரியணும். இதை அப்படியே பின் பண்ணி வைக்கலாம்:

[திரையில், நிதானமா]

"ஏலம் இரவு 9 வரை. கடைசி 3 நிமிசத்துல பிட் வந்தா 3 நிமிசம் நீளும். அட்மின் 'ஏலம் முடிந்தது' போடும் வரை பிட்டை வாபஸ் வாங்கலாம், அதுக்கப்புறம் முடியாது. தபால் செலவு 70, எத்தனை லாட் எடுத்தாலும் ஒண்ணுதான். 3 நாள்ல பணம். புது உறுப்பினர் 1,000க்கு மேல கேக்கணும்னா 200 முன்பணம், லாட் கிடைக்கலைன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பப்படும். கட்டாதவரோட பிட்டை நீக்கி அடுத்தவருக்கு விலை சொல்லப்படும்."